"நீங்க இருக்கீங்கல்ல?"

என் டீமில் இருந்த பையன் அந்த வெள்ளிக்கிழமை என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அண்ணே, நீங்க இருக்கீங்கல்ல?"

நான் சொன்ன பதில் இது: "தம்பி, சர்வீஸ் தொடரும்னு லெட்டர்லயே போட்டிருக்காங்க. கிராஜுவிட்டிக்கு ஒண்ணும் ஆகாது. தைரியமா கையெழுத்துப் போடு."

கேள்வி ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம். அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், தெரிந்துதான் சொல்லியிருக்கிறேன் என்று படுகிறது.

2024 மார்ச் மாதம். எங்கள் நிறுவனம் இரண்டாகப் பிரிகிற அறிவிப்பு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மின்சார மோட்டார், மென்பொருள் எல்லாம் தாய்க் கம்பெனியிடமே இருக்கும். பெட்ரோல், டீசல் சமாச்சாரங்கள், அதாவது நாங்கள், புதுப் பெயரில் தனியாகப் போக வேண்டும். கேன்டீனில் எல்லோரும் இதைப் பாகப்பிரிவினை என்றுதான் சொன்னார்கள். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அன்று மாலை ஐந்து மணிக்குள் எச்.ஆரிடம் கொடுக்க வேண்டும். அவன் மூன்று மணிக்குக் கடிதத்தோடு என் மேஜைக்கு வந்தான்.

என் போனில் புதன்கிழமையே இன்னொரு கம்பெனியின் ஆஃபர் மெயில் வந்து கிடந்தது.

அப்போது நான் முடிவு எடுத்திருக்கவில்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன், ஏனென்றால் உண்மை. அந்த ஐந்து மாதமும் ராத்திரி உட்கார்ந்து மற்றக் கம்பெனிகளின் கதையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாகனத் துறையில் இதற்கு முன்மாதிரிகள் நிறைய. 2017 டிசம்பரில் டெல்ஃபை தன் இன்ஜின் பிரிவை டெல்ஃபை டெக்னாலஜிஸ் என்று தனியாக விட்டது. 2020-ல் அதை போர்க்வார்னர் வாங்கியது. 2023 ஜூலையில் போர்க்வார்னர், அதிலிருந்து வந்த எரிபொருள் பிரிவையும் சேர்த்து ஃபினியா என்று மறுபடியும் தனியாக விட்டது. நாற்காலியை விட்டு நகராமலே ஆறு வருடத்துக்குள் மூன்று பெயர்ப்பலகைக்குக் கீழே வேலை செய்தவர்கள் அங்கே இருப்பார்கள். டர்போசார்ஜர் செய்கிற கேரட் 2018-ல் ஹனிவெல்லை விட்டுப் பிரிந்தபோது, ஹனிவெல்லின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளுக்கான பணச் சுமையில் பெரும்பங்கையும் தூக்கிக்கொண்டு வந்தது. இரண்டு வருடத்தில், 2020 செப்டம்பரில், அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு மனு போட்டது. பாகம் பிரிக்கும்போது நிலத்தை விட, கடன் யார் பங்குக்குப் போகிறது என்றுதான் பார்க்க வேண்டும் என்று என் அப்பா சொல்வார். எங்கள் விஷயத்தில் அதைப் பார்க்கிற வழி எனக்குக் கிடையாது. அதே கேரட் 2021-ல் திவாலிலிருந்து மீண்டும் வந்ததையும் படித்தேன். எந்தப் பக்கம் படித்தாலும் ஆதாரம் கிடைத்தது.

சட்டத்தையும் விடவில்லை. சொந்தத்தில் ஒரு வக்கீல் மாமா இருக்கிறார். அப்போது நடப்பில் இருந்த தொழில் தகராறு சட்டத்தின் 25எஃப்எஃப் பிரிவு பற்றி அவர்தான் சொன்னார். நிறுவனம் கைமாறும்போது சர்வீஸ் அறுபடாமல் தொடர வேண்டும், சம்பளமும் நிபந்தனைகளும் முன்பை விடக் குறையக் கூடாது, பின்னால் ஆட்குறைப்பு வந்தால் பழைய வருடங்களையும் சேர்த்தே நஷ்டஈடு கணக்குப் போட வேண்டும். இல்லையென்றால் கைமாறும்போதே நஷ்டஈடு தந்தாக வேண்டும். ஆனால் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்துகொண்டு மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் அந்தச் சட்டத்தின் கணக்கில் அப்போது தொழிலாளியே இல்லை. எங்களில் பாதிப் பேருக்குக் கடிதத்தில் எழுதியிருந்த வாக்கியம்தான் பாதுகாப்பு. 1989-ல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் மாமா சொன்னார். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இம்பாலில் நடத்தி வந்த மையத்தை மணிப்பூர் பல்கலைக்கழகத்துக்கு மாற்றியபோது, அங்கே இருந்த ஆசிரியர் ஒருவரையும் சேர்த்து மாற்றப் பார்த்தார்கள். அவருடைய சம்மதம் இல்லாமல் முதலாளியை மாற்ற முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அதனால்தான் எங்களிடமும் கையெழுத்து கேட்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. கேட்கிறார்கள், சரி. வேண்டாம் என்று சொன்னால் உட்கார நாற்காலி எங்கே?

இத்தனையும் தலைக்குள் இருந்ததால்தான் அவன் கேட்டதும் அதிலிருந்தே பதில் எடுத்துக் கொடுத்தேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. ஒரு பிரிண்ட் அவுட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் கிராஜுவிட்டிக் கணக்கே, அதாவது ஐந்து வருடம் முடித்தவர் வேலையை விடும்போது கிடைக்கிற பணிக்கொடையின் கணக்கே, போட்டுக் காட்டினேன். கடைசி மாத பேசிக்கை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கு, அது ஒரு வருடத்துக்கு. உன் பேசிக் 26,000 என்று வைத்துக்கொள், வருடத்துக்கு 15,000. ஐந்து வருடம் முடிந்தால் 75,000. உனக்கு இப்போது மூன்று வருடம் எட்டு மாதம். விட்டுவிட்டுப் போனால் பூஜ்யம், கையெழுத்துப் போட்டால் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 75,000-க்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். அவன் கோட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் "சரிண்ணே" என்றான். என் பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

கணக்கில் தப்பில்லை. ஆனால் அது எனக்குப் பொருந்தாத கணக்கு. எனக்கு 11 வருடம் முடிந்திருந்தது. எப்போது போனாலும் என் பணம் என் கைக்கு வரும். என்னைக் கட்டிப் போடாத கயிற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

ஏழு வாரம் கழித்து நான் ராஜினாமா செய்தேன்.

எதனால் என்று யார் கேட்டாலும் மின்சார வண்டி, எதிர்காலம், பிள்ளைகள் என்று சொல்வேன். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் உண்மையில் என்னை அசைத்தது வேறு. ஏப்ரலில் யார் எந்தப் பக்கம் என்கிற பட்டியல் வந்தது. எனக்குக் கேலிபரேஷன், அதாவது இன்ஜினின் எரிபொருள் அளவையெல்லாம் சரிக்கட்டுகிற வேலை, கற்றுக்கொடுத்த மனிதரின் பெயர் எங்கள் பக்கம் இல்லை. அவரைத் தாய்க் கம்பெனி வைத்துக்கொண்டது. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 என்கிற வாகனப் புகை விதி நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய இரண்டு வருடமும் இன்ஜின் டெஸ்ட் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே தூங்கி எழுந்த மனிதர். அவர் வராத இடத்துக்கு நான் ஏன் போக வேண்டும் என்று தோன்றியது. முடிவு அங்கேதான் விழுந்தது. எந்தச் சட்டப் பிரிவும், எந்தக் கம்பெனிக் கதையும் அப்போது நினைவுக்கு வரவில்லை. பக்கத்து நாற்காலியில் யார் இருக்கிறார் என்பதைத்தான் பார்த்தேன்.

அவனும் அதைத்தானே கேட்டான்.

2022 ஜனவரியில் அவனை லடாக்கில் இருக்கிற லேவுக்கு அழைத்துப் போயிருந்தேன். சாலையிலேயே புகையை அளக்கிற விதி 2023 ஏப்ரலில் வர இருந்தது, அதற்கான வேலை. இரவு முழுக்க வண்டியை வெளியே நிறுத்திக் குளிர வைத்து, விடியற்காலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்போம். மைனஸ் 17. லேப்டாப் பேட்டரி செத்துவிடாமல் இருக்க, ராத்திரி அதைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். மதுரைக்காரப் பையன், பனியை முதல் தடவையாகப் பார்க்கிறான். சாவியைத் திருப்பினால் இன்ஜின் இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. நான் எரிபொருள் அளவை ஒரு படி ஏற்றச் சொல்ல, அவன் உறைந்த விரலால் டைப் அடிக்கிறான். நான்காவது தடவையில் பிடித்தது. அவன் கத்திய கத்தலில் விடுதிக்காரர் வெளியே ஓடி வந்துவிட்டார். அப்படிப்பட்டவனிடம் "எனக்கே இன்னும் தெரியலடா" என்று மூன்று வார்த்தை சொல்ல எனக்கு என்ன தடை?

சொல்லக் கூடாது என்பதற்கும் நியாயம் இருக்கிறது. நான் டீம் லீட். என் கீழே ஒன்பது பேர். நான் ஆடினால் ஒன்பது பேரும் ஆடுவார்கள். ஆஃபர் இருக்கிறது என்று ஒருவனிடம் சொன்னால் ஐந்து மணிக்குள் ஃப்ளோர் முழுக்கத் தெரிந்துவிடும். தவிர, தன் வேலையைப் பற்றிய முடிவை ஒருவன் தானேதான் எடுக்க வேண்டும், இன்னொருத்தரை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது. இதை இப்போதும் முழுசாக நம்புகிறேன். ஆனால் நான் அப்படியா முடிவு எடுத்தேன்?

நோட்டீஸ் காலத்தில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. என் ஃபைல்களை எல்லாம் அவன்தான் வாங்கிக்கொண்டான். கடைசி நாள் வந்து கேட்டது, "அண்ணே, லே கோல்ட் ஸ்டார்ட் டேட்டா ரெண்டு ஃபோல்டர்ல இருக்கே, எது ஃபைனல்?" காட்டினேன். குறித்துக்கொண்டு போனான்.

நான் வெளியே வந்து மூன்று மாதம் கழித்து, பழைய டீமில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தக் கையெழுத்துக்கு மறுநாள், சனிக்கிழமை, அவனுக்கு வேறொரு கம்பெனியில் இரண்டாவது ரவுண்ட் இருந்ததாம். அவன் போகவில்லையாம். என்னால்தானா என்று அவருக்குத் தெரியாது. உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். அவனுக்கே அந்த வேலை பிடிக்காமல் இருந்திருக்கலாம்.

புதுக் கம்பெனி ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. நன்றாகத்தான் ஓடுகிறது. நான் பார்த்த வேலையை இப்போது அவன் பார்க்கிறான். சம்பளம் ஏறியிருக்கிறது. ஐந்து வருடமும் முடிந்துவிட்டது. அதாவது நான் கோடு போட்டுக் காட்டிய பணத்துக்கு அவன் உரிமைக்காரன் ஆகிவிட்டான். நான் சொன்னபடியே எல்லாம் நடந்திருக்கிறது. அப்படியும் அந்தப் பிரிண்ட் அவுட்டின் பின்பக்கம் கண்ணில் வந்துகொண்டே இருக்கிறது.

போன மாதம் கூப்பிட்டிருந்தான். குளிரில் இன்ஜெக்டர் ஒன்று சொதப்புகிறது என்று இருபது நிமிடம் பேசினோம். தீர்வு ஏறக்குறைய அவனே கண்டுபிடித்து வைத்திருந்தான், என்னிடம் உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கூப்பிட்டிருக்கிறான். பேச்சு முடிகிற நேரத்தில், அந்தச் சனிக்கிழமை ஏன்டா போகலை என்று கேட்க வாயெடுத்தேன்.

"சரிண்ணே, டெஸ்ட் பெஞ்ச் ஃப்ரீ ஆயிடுச்சு, வச்சிரட்டுமா?" என்றான்.

சரி தம்பி, வை என்றேன்.