அம்மாவின் போனில் என் ஆப்பை ஏற்றிய கதை

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல். போன் திரையில் வரும் எழுத்தைப் படிக்க முடியாது. அதற்காக நானே ஒரு சின்ன ஆப் எழுதினேன். மெசேஜ் வந்தால் யார் அனுப்பியது, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படித்துக் காட்டும். பிளே ஸ்டோரில் போடவில்லை. மொத்தமே ஒரு பயனர்தான், அதற்கு ஸ்டோர் எதற்கு? ஆப்பை நேரடியாக நிறுவ உதவும் ஏபிகே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஊருக்குப் போனபோது நிறுவிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

2023-இல் அந்தப் போன் ஆண்ட்ராய்டு 13 அப்டேட் கேட்டது. போனில் இடமில்லை. அண்ணன் மகன் தனக்குத் தெரியாத ஆப்களையெல்லாம் அழித்து இடம் பண்ணினான். அதில் என் ஆப்பும் போய்விட்டது. ஐகான்கூட ஒழுங்காகப் போடாமல் வெறும் பச்சைப் பொம்மையோடு விட்டிருந்தேன், அவனைக் குறை சொல்ல முடியாது.

சரி, திரும்ப நிறுவினால் போயிற்று என்று ஏபிகேயை மறுபடி அனுப்பினேன். நான் கோவையில், அவர்கள் வள்ளியூரில். ஆப் நிறுவப்பட்டது. ஆனால் நோட்டிஃபிகேஷன்களைப் படிக்கும் அனுமதியைத் தரும் பக்கத்தில் அதன் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. ஆண்ட்ராய்டு 13-இல் புதிதாக வந்த பூட்டு இது. வாட்ஸ்அப், பிரவுசர், ஃபைல் மேனேஜர் வழியாக வந்த ஆப் என்றால் இந்த அனுமதியும், திரையில் உள்ளதைப் படித்து போனை இயக்க விடும் அக்சஸிபிலிட்டி அனுமதியும் லேசில் கிடைக்காது.

திறக்க வழி உண்டு. ஆப் இன்ஃபோ பக்கத்தில் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதற்குள் 'அலோ ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்'. நான் போனில் சொல்லச் சொல்ல அண்ணன் மகன் தேடினான்.

"சித்தப்பா, மூணு புள்ளியே இல்லையே."

அரை மணி நேரம் இதே பேச்சு. என்னிடமிருந்த பழைய போனில் அதே ஆப்பைப் போட்டுப் பார்த்தேன், எனக்கு வந்தது. அப்புறம்தான் உறைத்தது: "அந்தச் சாம்பல் பெயரை ஒரு தடவையாவது தொட்டியா?" "சாம்பலா இருந்துச்சு, அதான் தொடல." முதலில் அதைத் தொட்டு, 'உங்கள் பாதுகாப்புக்காக இது இப்போது கிடைக்காது' என்ற மறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த மெனுவே முளைக்கும். தொட்டான், வந்தது. கடைசியில் பின் நம்பர் கேட்டது. அம்மா அதை அவன் காதில் ரகசியமாகச் சொன்னாள், எனக்கே கேட்கவில்லை.

2025-இல் புதுப் போன் வாங்கினோம். இந்த முறை நிறுவவே விடவில்லை. முக்கியமான தகவல்களைக் கேட்கக்கூடிய ஆப், பண மோசடி நடக்கலாம் என்று எச்சரித்துத் தடுத்துவிட்டது. 'பரவாயில்லை, நிறுவு' என்று ஒரு பொத்தான்கூட இல்லை. எஸ்எம்எஸ் பெறுவது, எஸ்எம்எஸ் படிப்பது, நோட்டிஃபிகேஷன் படிப்பது, அக்சஸிபிலிட்டி ஆகிய நான்கில் ஒன்றைக் கேட்கும் ஆப் வாட்ஸ்அப், பிரவுசர், ஃபைல் மேனேஜர் வழியாக வந்தால், கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே ப்ரொடெக்ட் நேராகத் தடுக்கும் ஏற்பாடு இது. 2024-இல் சிங்கப்பூரில் சோதனையாகத் தொடங்கி, பிறகு இந்தியாவுக்கும் வந்தது.

முதலில் கோபம் வந்தது. அப்புறம் எதிர்வீட்டு மாமா நினைவுக்கு வந்தார். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்த ஏபிகேயைத் திறந்து, கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்து, 38,000 ரூபாயை விட்டவர். ஓடிபி எல்லாம் அவர் கண்ணில் படுவதற்கு முன்பே வேறு எவனுக்கோ போய்க்கொண்டிருந்தது. சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தபோது ஒரு நாள் கடந்திருந்தது. அந்தப் பத்திரிகை கேட்டதும் நோட்டிஃபிகேஷனைப் படிக்கும் அனுமதிதான், என் ஆப் கேட்பதும் அதேதான். நான் அம்மாவின் பிள்ளை என்பது போனுக்கு எப்படித் தெரியும்?

தீபாவளிக்கு லேப்டாப்பும் கேபிளுமாக ஊருக்குப் போனேன். செட்டிங்ஸில் 'அபவுட் போன்' பக்கத்தில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி என்ற கருவி வழியாக ஆப்பை அனுப்பினேன். முதல் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகம், பக்கத்துக் கடைக்கு ஓடி வேறு வாங்கி வந்தேன். பிறகு ஒரே வரி கட்டளை, 'சக்சஸ்' என்று வந்தது. ஏடிபி வழியாகப் போனால் அந்தச் சாம்பல் பூட்டும் கிடையாது. முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிட்டேன். அதைத் திறந்தே போட்டுவிட்டு வருவது வாசல் கதவைச் சாத்தாமல் போவது மாதிரி.

அடுத்த கட்டமும் வரப்போகிறது. ஸ்டோருக்கு வெளியே ஆப் கொடுப்பவர்களும் தங்கள் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிந்திருக்க வேண்டும் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம், மற்ற நாடுகளுக்கு 2027 முதல் படிப்படியாக. ஏடிபி வழி அப்படியே இருக்கும் என்கிறார்கள். மாணவர்களுக்கும் பொழுதுபோக்குக்காக எழுதுபவர்களுக்கும் கட்டணமில்லாத கணக்கு உண்டாம். அடையாளம் காட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. பெயரை வெளியே சொல்ல முடியாத நிலையில் ஆப் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நினைத்தால்தான் இது கொஞ்சம் இடிக்கிறது.

ஆப்பை ஏற்றிய அன்று சாயங்காலம் அம்மாவின் போன் முதல் மெசேஜைச் சத்தமாகப் படித்தது: "உங்கள் வாகனத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டுள்ளது. விவரம் அறிய இந்த ஆப்பை நிறுவவும்."

அம்மா என்னைப் பார்த்து, "நம்மகிட்ட ஏதுடா வண்டி?" என்றாள்.