முகம் பார்த்துச் சொல்வது

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கம் ஸ்டம்பின் மேல் வைக்கும் சிறு கட்டைகளான பெயில்ஸ் நிற்காது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, மைதானத்துக்குள்ளும் புகுந்து ஓவருக்கு மூன்று முறை பெயில்ஸைத் தள்ளிவிடும். ஸ்டம்பின் பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்போம். கனமான பெயில்ஸ் வைத்துப் பார்ப்போம். எதற்கும் காற்று மசியாவிட்டால், நடுவர்கள் இருவரும் கலந்து பேசிப் பெயில்ஸ் இல்லாமலே ஆட்டத்தை நடத்தலாம். கிரிக்கெட் விதி 8 அதற்கு இடம் கொடுக்கிறது. அன்றைக்குப் பந்து ஸ்டம்பை உரசிப் போனதா இல்லையா என்பதைக் கட்டை விழுந்து காட்டிக்கொடுக்காது. நடுவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இந்த மாவட்டத்து மைதானங்களில் அப்படி நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு நூற்பாலை அணிக்கு ஒன்பது ஆண்டுகள் கேப்டனாக இருந்தேன். சம்பளத்துக்குப் பார்த்தது ஆலை வேலை. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பிரிவில் மேஸ்திரியாக ஓய்வு பெற்றேன். ஆனாலும் என் பணி அனுபவம் என்று யாராவது கேட்டால் மைதானம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஆலை அணியின் கேப்டன் என்றால் ஃபீல்டிங் நிறுத்துவது மட்டும்தான் வேலை என்று நினைக்கிறார்கள். அது கடைசி வேலை. வியாழக்கிழமையே ஷிஃப்ட் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேஸ்திரியிடமும் போக வேண்டும். இன்னாருக்கு ஞாயிறு காலை ஷிஃப்டை மாற்றிக் கொடுங்கள், அடுத்த வாரம் அவன் உங்களுக்கு இரண்டு நாள் கூடுதலாக நிற்பான் என்று பேச வேண்டும். ஞாயிறு விடியும்போது தரையில் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, பந்து குத்தும் இடத்தில் கயிற்றுப் பாயை விரித்து, சம்மட்டியால் ஆணி அறைய வேண்டும். பாய் ஓரிடத்தில் தொய்ந்திருந்தாலும் பந்து அங்கே குத்தி முகத்துக்கு வரும். இரவு ஷிஃப்ட் முடித்துத் தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடி வருகிற வேகப்பந்து வீச்சாளருக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் வேப்பமர நிழலில் படுக்கச் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் பிறகு பதினான்கு பேரில் பதினொரு பேரை எழுத வேண்டும்.

அந்தக் கடைசி வேலையில்தான் நான் ஒருமுறை தவறினேன். 1993-இல் பாளையங்கோட்டையில் ஓர் இறுதி ஆட்டம். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து லெக் ஸ்பின் போடும் பையன் ஒருவன் எங்கள் அணியில் இருந்தான். பத்தொன்பது வயது. அதுவரை எல்லா ஆட்டங்களிலும் ஆடியவன். எதிரணியில் இடது கை ஆட்டக்காரர்கள் நிறைய; ஒரு பேட்ஸ்மேனைக் கூடுதலாக எடுப்பது என்று முதல் நாள் இரவே முடிவு செய்துவிட்டேன். முடிவு சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவனிடம் சொல்லவில்லை. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். காலையில் பாய் வேலை, பிறகு டாஸ். பதினொரு பெயர்களையும் எழுதி ஸ்கோரரிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, அந்தப் பையன் ஸ்கோரரின் தோளுக்குப் பின்னால் நின்று ஸ்கோர் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். அவன் விரல் மேலிருந்து கீழே இறங்கியது. பதினொன்றாம் பெயரில் நின்றது. மறுபடி மேலே போனது.

அன்று முழுக்க அவன்தான் எங்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்தான். அவன் அம்மா கொடுத்துவிட்ட எலுமிச்சம் சாதத் தூக்கு மாலை வரை திறக்கப்படாமல் பையோரம் இருந்தது. ஆட்டத்தில் ஜெயித்தோம். கோப்பையோடு படம் எடுக்கும்போது அவனைத் தேடினேன். வண்ணார்பேட்டை பஸ் பிடித்துப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவன் ஆட வரவே இல்லை. இரண்டு முறை வீடு தேடிப் போனேன். இரண்டு முறையும் அவன் அம்மா மோர் கொடுத்து உபசரித்து, அவன் வெளியே போயிருக்கிறான் என்று சொன்னார்.

நான்கு ஆண்டுகள் கழித்து எனக்கும் அதேபோல நேர்ந்தது. பகல் ஷிஃப்டில் கேண்டீனுக்குப் போனேன். டீ ஊற்றுகிறவர் டம்ளரை நீட்டாமல், "அண்ணாச்சி, பலகையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். டைம் ஆபீஸ் வாசலில் இருந்த நோட்டீஸ் பலகையில், விடுமுறைப் பட்டியலுக்குக் கீழே நான்கு வரியில் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். இந்தப் பருவத்துக்கு அணியின் கேப்டன் இன்னார். புதியவர் நல்ல ஆட்டக்காரர், என்னைவிட எட்டு வயது இளையவர். மாற்றம் வரும் என்று எனக்கே தோன்றிக்கொண்டுதான் இருந்தது. வலித்தது மாற்றமல்ல. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் தினமும் இரண்டு முறை என் ஃபிரேமைக் கடந்து போகிறவர். ஆறு அடி தூரம் வந்து அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்று இரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது 1979 செப்டம்பர் 4 நினைவுக்கு வந்தது. அப்போது நான் அம்பாசமுத்திரத்தில் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா குறுகிய அலையில், லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த டெஸ்டின் வர்ணனையைப் பிடித்து வைத்திருந்தார். இங்கிலாந்தில் மாலை என்றால் நமக்கு இரவு. கரகரப்புக்கு நடுவே ஒவ்வொரு ஓவருக்கும் அவர் தமிழில் எங்களுக்குச் சொல்லுவார். இந்தியாவுக்கு இலக்கு 438. ஒரு விக்கெட் இழப்புக்கு 366 வரை போய்விட்டது. கவாஸ்கர் 221. தெருவே திண்ணையில் உட்கார்ந்திருந்தது. கபில் தேவை முன்னால் அனுப்பி, விஸ்வநாத்தைப் பின்னால் நிறுத்தினார்கள். கபில் ஓட்டம் எடுக்காமல் திரும்பினார். அடுத்தடுத்து விக்கெட்டுகள். கடைசியில் எட்டு விக்கெட்டுக்கு 429. ஒன்பது ஓட்டங்கள் குறைவாக ஆட்டம் டிராவில் முடிந்தது. அந்த அணியின் கேப்டன் நம் சென்னைக்காரர், கிண்டியில் பொறியியல் படித்த எஸ். வெங்கடராகவன்.

விஸ்வநாத்தை ஏன் பின்னால் இறக்கினார்கள் என்று பெரியப்பா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். விரைவாக ஓட்டம் வேண்டிய நேரத்தில் அடித்து ஆடுகிறவனை அனுப்புவது எந்தக் கேப்டனுக்கும் தோன்றும். பலித்திருந்தால் துணிச்சல் என்று கொண்டாடியிருப்பார்கள். இதை நானே கேப்டனான பிறகுதான் அவரிடம் சொல்ல முடிந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பும் விமானத்தில்தான் வெங்கடராகவனுக்குச் செய்தி தெரிந்தது. இனி கவாஸ்கர் கேப்டன் என்று விமானி ஒலிபெருக்கியில் அறிவித்தார். அணியினர் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கவாஸ்கரும் அங்கேதான் இருக்கிறார். எழுந்து வெளியே போகவும் முடியாத இடம். தேர்வுக் குழுவுக்குக் கேப்டனை மாற்ற முழு உரிமை உண்டு. அந்த ஆண்டு உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி, டெஸ்ட் தகுதி பெறாத இலங்கையிடமும் தோல்வி. ஆனால் சொன்ன விதத்தை என்னால் எந்தக் காலத்திலும் ஏற்க முடியாது. அவருக்கு அது முதல் அனுபவமும் அல்ல. 1974 டிசம்பரில் டில்லியில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக ஒரு டெஸ்டுக்குக் கேப்டனாக இருந்தார். அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். ஆடிய பதினொருவரில் அவர் இல்லை.

ஓவலுக்கு ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 11-ஆம் தேதி ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் சேப்பாக்கத்தில் தொடங்கியது. அவருடைய சொந்த ஊர், சொந்த மைதானம். புதிய கேப்டனின் கீழ் அவர் பந்து போட்டார். மாலையில் தன் ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்தபடி படியேறிப் போயிருப்பார். நான் ஆலை அணியில் புதிய கேப்டனின் கீழ் ஒரு பருவம் முழுக்க ஆடியதற்கு இந்த நினைவுதான் காரணம். அவர் கையைக் காட்டிய இடத்தில் நின்றேன். கேட்டால் யோசனை சொன்னேன், கேட்காதபோது சொல்லவில்லை. எளிதாக இருக்கவில்லை.

வெங்கடராகவன் 57 டெஸ்டுகளில் 156 விக்கெட் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். 1993-இல் டெஸ்ட் நடுவரானார். 2004 வரை 73 டெஸ்டுகளில் நின்றார். கேப்டனாக அவருக்குக் கிடைத்தவை ஐந்தே டெஸ்டுகள். உலகம் முழுக்க மைதானங்கள் அவரை மதித்தது இரண்டாவது வேலைக்காக. அவர் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பார்த்துத்தான் நானும் மாநிலச் சங்கத்தின் நடுவர் தேர்வுக்குப் படித்தேன். விதிப் புத்தகத்தை ஷிஃப்ட் இடைவேளையில் படிப்பேன். பக்கங்களில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது.

நடுவர் வேலையில் எனக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. விக்கெட்டைப் பறிகொடுத்தவனிடம் அந்தச் செய்தியைச் சொல்ல நமக்கு ஆள் அனுப்ப வழியில்லை. தாள் ஒட்ட முடியாது. இருபத்திரண்டு கஜ தூரத்தில் அவன் நிற்கிறான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் விரலைத் தூக்க வேண்டும். ஸ்டம்புக்குப் போன பந்தைக் காலால் தடுத்தான் என்று எல்.பி.டபிள்யூ. கேட்டு ஒன்பது பேர் கத்தும்போது நான் ஒரு மூச்சு விட்டு நிற்பேன். பாயில் பந்து எழும்பும் உயரம் புல்தரையைவிட அதிகம். முட்டிக்கு மேலே பட்டது பெரும்பாலும் ஸ்டம்பைத் தாண்டிப் போகும். பந்து எங்கே குத்தியது, கால் எவ்வளவு தூரம் வந்தது என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். அவுட் என்றால் நேராக அவனைப் பார்த்து விரலைத் தூக்குவேன். இல்லையென்றால் பந்துவீச்சாளரைப் பார்த்து, "இல்லை தம்பி" என்று சொல்லுவேன். பிறகு இடது பையிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து வலது பையில் போடுவேன். ஆறு கொட்டைகள் வலப்பக்கம் சேர்ந்தால் ஓவர் முடிந்தது.

கேப்டன்களை நான் இப்போது நடுவரின் இடத்திலிருந்து பார்க்கிறேன். யாரும் முறையிடாமல் நடுவர் அவுட் கொடுக்க முடியாது. முறையிட்டதைத் திரும்பப் பெற ஃபீல்டிங் அணியின் கேப்டனுக்கு விதி வழி கொடுத்திருக்கிறது, நடுவர் சம்மதிக்க வேண்டும். 1980-இல் பம்பாய் பொன்விழா டெஸ்டில் விஸ்வநாத் கேப்டன். இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட் இழந்திருந்தது. பாப் டெய்லருக்கு அவுட் கொடுக்கப்பட்டது; பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த விஸ்வநாத் நடுவரிடம் பேசி அவரைத் திரும்ப அழைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ஓட்டங்கள் எடுத்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. விஸ்வநாத் கேப்டனாக இருந்தது இரண்டே டெஸ்டுகள். அதில் ஒன்று இது. 2011-இல் டிரென்ட் பிரிட்ஜில் இயான் பெல் 137-இல் ரன் அவுட் ஆனபோது தேநீர் இடைவேளையில் தோனி முறையீட்டைத் திரும்பப் பெற்றார். அந்தத் தோனியே 2014 டிசம்பர் 30 அன்று மெல்போர்ன் டெஸ்ட் முடிந்ததும் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகினார். 60 டெஸ்டுகளுக்குத் தலைமை தாங்கியவர், தொடர் பாதியில் இருக்கிறது. செய்தியாளர்களிடம் வாய் திறக்கவில்லை. உடைமாற்றும் அறையில் தன் ஆட்களிடம் சொன்னார். தொடரின் நடுவே போனது சரியா என்று பலர் விவாதித்தார்கள். தன் அணியினர் அதைத் தன் வாயால் கேட்கவேண்டும் என்று அவர் நினைத்தது எனக்குப் போதும்.

சில ஆண்டுகளுக்கு முன், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு லீக் ஆட்டத்துக்கு நின்றேன். டாஸுக்கு முன்னால் இரண்டு கேப்டன்களும் ஆடுபவர்களின் பெயர்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஆட்டம் தொடங்க முப்பது நிமிடத்துக்கும் பதினைந்து நிமிடத்துக்கும் இடையில் டாஸ் போட வேண்டும். ஓர் அணியின் பட்டியலை அதன் மேலாளரே கொண்டு வந்து நீட்டினார். கேப்டன் என்று போட்டிருந்த இடத்தில் வேறு பெயர். மூன்று பருவமாகக் கேப்டனாக இருந்த தம்பி சற்றுத் தள்ளி ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். டாஸுக்கான ஐந்து ரூபாய் நாணயத்தை வாயில் கடித்திருந்தான்.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"நீங்கள் டாஸுக்குக் கூப்பிடும்போது தெரிந்துவிடும் சார். பையன் ஒன்றும் நினைக்க மாட்டான்" என்றார்.

தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது அண்ணாச்சி. சொல்லிவிட்டு வந்து கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்."

விதிப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை என்று எனக்குத் தெரியும். பட்டியலை மறுத்ததாக அவர் சங்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் எனக்குப் பதில் இல்லை. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு போனார். தொலைவிலிருந்து காற்றில் எதுவும் கேட்கவில்லை. அவர் குனிந்து தோளில் கை வைத்தது தெரிந்தது. தம்பி கட்டிய கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். நெடுநேரம் கட்டினான். எழுந்ததும் நாணயத்தைச் சட்டையில் துடைத்து, புதிய கேப்டனிடம் நடந்து போய், அவன் கையில் வைத்து ஏதோ சொன்னான். இருவரும் பாயைக் காட்டிப் பேசினார்கள்.

டாஸ் போட்டோம். பெயில்ஸ் நிற்கவில்லை, நானும் சக நடுவரும் பேசி அவற்றைப் பையில் போட்டுக்கொண்டோம். முதல் பந்துக்கு முன்னால் அந்தத் தம்பி என் பக்கமாக வந்தான். "அண்ணாச்சி, அந்த முனையில் பாய் தூக்கிக்கொண்டு நிற்கிறது" என்று சொல்லிவிட்டு, சம்மட்டியை எடுத்துக்கொண்டு போய் மண்டியிட்டு ஆணியை அறைந்தான்.