க்ரெஸ்கோ (அயோவா மாநிலம், அமெரிக்கா) நாட்குறிப்பு

அக்டோபர் 24, 2024

மகள் வயிற்றுப் பிள்ளைக்குத் தலை இன்னும் இறங்கவில்லையாம். டாக்டருக்கு அவசரமில்லை, எனக்கு இருக்கிறது.

எதிர்வீட்டு வாசலில் இரண்டு டிரம்ப் பலகைகள். அந்த வீட்டுப் பெரியவர்தான் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று பூசணிக்காய் கொண்டுவந்து கொடுத்தவர்.

அக்டோபர் 25

மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டதிலிருந்து தூக்கம் போச்சு. இந்த ஹோவர்ட் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) 2012ல் ஒபாமாவை 20 சதவீதப் புள்ளிக்கு மேல் ஜெயிக்க வைத்தது. 2016ல் டிரம்பை 20 புள்ளிக்கு மேல். நாடு முழுக்க மூவாயிரத்துச் சொச்சம் கவுண்டிகளில் இப்படி நடந்தது இங்கே மட்டும்தானாம். மொத்தமே ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஜனம். புதிதாக யாரும் கூட்டமாக வந்து குடியேறவும் இல்லை. அதே ஆட்கள்தானே?

அக்டோபர் 27

மாதிரி ஓட்டுச் சீட்டு பார்த்தேன். முன்னும் பின்னும் அச்சு. ஜனாதிபதியில் ஆரம்பித்து ஷெரிஃப் (கவுண்டி போலீஸ் தலைவர்), மண் பாதுகாப்புக்கு ஆள், நீதிபதி தொடரலாமா கூடாதா என்பது வரைக்கும் ஜனம்தான் தீர்மானிக்க வேண்டும். பின்பக்கம் அரசியல் சட்டத் திருத்தம் வேறு: குடிமக்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்று. இந்த வீட்டில் எங்கள் மூவருக்கும் ஓட்டு இல்லை. வயிற்றில் இருப்பதற்கு 18 வருஷம் கழித்து உண்டு.

எனக்கு நெஞ்சை அடைத்தது வேறு விஷயம். தேர்தலை நடத்துகிற கவுண்டி ஆடிட்டரே கட்சி பெயர் போட்டு அதே சீட்டில் நிற்கலாமாம்! பூத் டியூட்டிக்குப் போன இடத்தில் கட்சிக்காரன் வீட்டுக் காபி குடிக்கவே பயந்தவள் நான்.

அக்டோபர் 28

ராத்திரி நிறைய அசைந்தது. வெந்தயம் தீர்ந்துவிட்டது.

அக்டோபர் 30

மகள் முறைக்க முறைக்க, மாப்பிள்ளையை விட்டு எதிர்வீட்டுப் பெரியவரிடம் கேட்கச் சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை. ஒபாமாவுக்கு இரண்டு தடவையும் போட்டாராம். 2011 ஆகஸ்டில் பக்கத்து ஊர் டெக்கோராவுக்கு ஒபாமா பஸ்ஸில் வந்தபோது போய்ப் பார்த்தாராம். அப்புறம் ஏன்? பதில் இல்லை, மக்காச்சோள விலைப் பேச்சுக்குப் போய்விட்டார். 2012ல் புஷல் (சுமார் 25 கிலோ) ஏழு டாலருக்குப் போனதாம், இப்போது நாலுகூடத் தேறவில்லையாம். 2018ல் இறக்குமதி வரிச் சண்டையில் சீனாக்காரன் சோயா வாங்குவதை நிறுத்தினானே, அது டிரம்ப் செய்ததுதானே என்று கேட்டார் மாப்பிள்ளை. "நஷ்ட ஈடு வந்ததே" என்றார் பெரியவர். கையிடுக்கில் சோளத் தூசி. பேசிக்கொண்டே அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஆள்கிறவரை இறக்குவதுதான் இவர்கள் பழக்கமோ என்று நினைத்தேன். அப்படியானால் 2020ல் ஆண்டுகொண்டிருந்த டிரம்புக்கு ஏன் மறுபடி போட்டார்கள்? இடிக்கிறது.

நவம்பர் 2

மாநிலத் தலைநகர் டெ மாய்ன் பத்திரிகைக் கருத்துக்கணிப்பு: அயோவாவில் கமலா ஹாரிஸ் 47 சதவீதம், டிரம்ப் 44. மகள் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள். ஜூலைக் கடைசியிலிருந்து இங்கே ஆறு வாரத்துக்கு மேல் கருக்கலைப்பு கூடாது என்று சட்டம். அந்தக் கோபம் பெண்களிடம் இருக்கிறது என்கிறாள். இருக்கலாம். இந்தத் தெருவில் எனக்குக் கண்ணில் படவில்லை.

நவம்பர் 3

குளிர்காலம் வருகிறதென்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 4

மன்னார்குடியிலிருந்து அவர் போன். அங்கே செவ்வாய் விடிந்துவிட்டது. துளசேந்திரபுரம் கோயிலில் கமலாவுக்காக அபிஷேகம், டிவிக்காரர்கள் கூட்டமாம். தாத்தா ஊர் என்ற பாசம். "அங்கே எப்படி இருக்கு?" என்றார். கமலா தோற்பார் என்றேன். போனை வைத்துவிட்டார்.

நவம்பர் 5

ஓட்டுச்சாவடியைக் காரிலிருந்தே பார்த்தேன். 300 அடிக்குள் ஒரு பலகை இல்லை, சரி. துப்பாக்கியோடு போலீஸ் இல்லை, விரலில் மை இல்லை. வெளியே வந்த ஒரு பாட்டி சட்டையில் 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கர். காலை ஏழுக்கு ஆரம்பித்து ராத்திரி எட்டுக்கு முடிகிறது. நாள் பூராவும் மகளுக்கு இடுப்பு வலி, பொய் வலி என்கிறாள்.

நவம்பர் 6

அயோவாவில் டிரம்ப் 13 புள்ளி முன்னால். ஹோவர்ட் கவுண்டியைக் கேட்கவே வேண்டாம். கணிப்பு போட்ட அம்மாளை இனி என்னவெல்லாம் சொல்வார்களோ.

மகள் சாப்பிடவில்லை. எனக்கு இப்போது ஒன்று தோன்றுகிறது. 2008க்கு முன்னால் வருஷக்கணக்கில் இந்த ஜனநாயகக் கட்சிக்காரர்கள் இங்கே ஊர் ஊராக வந்து கைகுலுக்கியிருக்கிறார்கள், முதல் காக்கஸ் (கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம்) அயோவாவில்தானே. இந்தத் தடவை அந்த முதலிடத்தையே பிடுங்கி வேறு மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வாசலுக்கு வராதவனுக்கு எங்கள் பக்கத்திலும் ஓட்டு விழாது. முழுக் காரணம் இதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர் அந்த பஸ்ஸைப் பற்றிச் சொன்னபோது குரல் மாறியதே.

நவம்பர் 7

பொய் வலி இல்லை. ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருகிறது. ராச்செஸ்டர் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். பையில் சீப்பு வைத்தேனா தெரியவில்லை, மாப்பிள்ளை ஹாரன் அடிக்கிறார்