மாத்திரை நாட்கள்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பகுதியான சாட்ஸ்வொர்த்திலிருந்து

ஜூலை 22, 2024, திங்கள்

இன்று காலை ஏழு மணிக்கு மகனுக்கு முதல் மாத்திரையைக் கொடுத்தேன். பத்து வயதான அவனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு இருப்பதாக உறுதிசெய்த மருத்துவர், பகல் முழுவதும் மெல்ல மெல்ல வெளிப்படும் 18 மில்லிகிராம் மெதில்ஃபெனிடேட்டை எழுதித் தந்திருக்கிறார். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருட்களான டோபமினும் நார்அட்ரினலினும் நரம்பணுக்களுக்குள் திரும்ப உறிஞ்சப்படுவதை இம்மருந்து தடுப்பதால் அவை சற்று அதிக நேரம் வேலை செய்கின்றன என்று படம் வரைந்து விளக்கினார்.

எனக்குப் புரிந்ததை மாமியாருக்குப் புரியவைக்க முடியவில்லை. சுகர்ஸ் என்று டர்பனில் சொல்லப்படும் ஹெராயின் கலவைத் தூளுக்குத் தெருப் பிள்ளைகள் இரையானதைக் கண்ணால் கண்டவர் அவர். "உன் கையாலேயே பிள்ளையைப் பழக்கப் போகிறாயா, அம்மா?" என்று கேட்டார். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றினார்கள். மாத்திரைக்கு முன்பே பசியாறியிருந்த மகன், மதியம் ஒரு வாய் கூழ்கூடக் குடிக்கவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல்தான் மூன்று ரொட்டி கேட்டான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து தம்பியும், ஃபீனிக்ஸிலிருந்து நாத்தனாரும் அவருடைய பதினேழு வயது மகளும் வந்திருந்தார்கள். தம்பிக்கு 36 வயதில்தான் இக்குறைபாடு கண்டறியப்பட்டது. மாத்திரை போட்ட முதல் நாள், அலுவலகக் கணக்கேட்டை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, இவ்வளவு எளிதாக இருந்திருக்க வேண்டிய வேலைக்காக எத்தனை ஆண்டுகள் சோம்பேறிப் பட்டம் சுமந்தோம் என்று காரில் உட்கார்ந்து அழுததாக என்னிடம் சொன்னான்.

நாத்தனார் மகளுக்கோ அதே மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சு படபடத்தது, நள்ளிரவு வரை உறக்கம் வரவில்லை, மாலையில் மருந்தின் வேகம் இறங்கும்போது காரணமில்லாத அழுகை வந்தது. பொறுத்துக்கொள் என்றே வீட்டில் எல்லோரும் சொன்னார்களாம், நானும் அவர்களில் ஒருத்தி. பிறகு மருத்துவர் அதை நிறுத்தி, ஊக்க மருந்து வகையைச் சேராத அட்டோமாக்செட்டினுக்கு மாற்றினார். அது பலன் தரச் சில வாரங்கள் பிடித்தாலும், இப்போது மெட்ரிக் எனும் பள்ளி இறுதித் தேர்வுக்கு அமைதியாகப் படிக்கிறாள்.

இந்த வேறுபாடு புதிதல்ல. 1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் 30 குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தபோது, பள்ளிப் பாடத்தில் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் 14 பேர்தான். மற்றக் குழந்தைகளின் தாய்மாரை நினைத்துக்கொண்டே இன்றிரவு படுக்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

தென்னாப்பிரிக்காவில் மெதில்ஃபெனிடேட் கடும் கட்டுப்பாட்டுக்குரிய ஆறாம் அட்டவணை மருந்து என்பதால், ஒரு சீட்டுக்கு 30 நாள் மாத்திரைதான் கிடைக்கும். அதே சீட்டைக் காட்டி மறுபடியும் வாங்க முடியாது. புதிய சீட்டில் அளவு 27 மில்லிகிராமாக உயர்ந்திருக்கிறது.

செப்டம்பர் 6, வெள்ளி

வகுப்பாசிரியை குறிப்பேட்டில் மகனைப் பாராட்டி எழுதியிருந்தார். இடத்தை விட்டு எழுவதில்லை, குறுக்கே பேசுவதில்லை, கணக்கை முடித்துவிடுகிறான் என்று படித்தபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரவு சாப்பாட்டின்போதுதான் மேசை அமைதியாக இருப்பது உறைத்தது. காவடி மேளத்தைக் கேட்டு வளர்ந்தவன் அவன். தட்டு, கரண்டி, மேசை விளிம்பு என்று எதிலும் தாளம் போடாமல் அவனால் உட்கார முடியாது. அதற்காக நான் திட்டாத நாளில்லை. எப்போது அது நின்றது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ஏன் தாளம் போடுவதில்லை என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "போடணும்னு தோணவே இல்லையே, அம்மா" என்றான். நாத்தனார் மகளிடமும் இப்படி யாராவது ஒருமுறை உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி முதல் நாள். வீட்டில் இனி ஒரு மாதம் கறி கிடையாது. மகனின் எடை ஜூலையில் இருந்ததைவிட ஒன்றேகால் கிலோ குறைந்திருப்பதால், காலையில் மாத்திரைக்கு முன்பே பருப்பும் நெய்யும் சேர்த்துச் சோறு ஊட்டுவதாக மாமியார் சொல்லிவிட்டார். மாத்திரைக்கு எதிராக அவர் இப்போது எதுவும் பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அதைக் கொடுக்கும்போது பக்கத்தில் வந்து நிற்கிறார்.

நான் சொன்னதையெல்லாம் கேட்ட மருத்துவர், நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயரத்தையும் அளந்துவிட்டு, மீண்டும் 18 மில்லிகிராமே எழுதினார். இந்த அளவில் அவன் கணக்கில் இரண்டை விட்டுவிடுவான், காலணியைத் தேடுவான், ஆசிரியையின் அடுத்த குறிப்பு இவ்வளவு இனிமையாக இருக்காது. அவரிடம் நானே நேரில் போய்ப் பேசுவதாக இருக்கிறேன். அடுத்த எடை பார்க்கும் நாள் அக்டோபர் 15.