தார்சுக்குக் கீழே ஒரு சித்திரை

மார்ச் 30, 2025, ஞாயிறு

இரவு பதினொன்று. மகன் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டான். மின்விசிறி அனலைத்தான் இறைக்கிறதாம். கூடத்தில் கட்டிலில் நாங்கள் இருவர், தரையில் அவன். மூன்று பேரும் புரண்டுகொண்டிருக்கிறோம். பின்கட்டு ஓட்டறையிலிருந்து அத்தையின் குறட்டை வருகிறது. விசிறியை இரண்டில் வைத்து, போர்வையும் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

மே 4 அன்று இவனுக்கு நீட் தேர்வு. ஐந்து வாரம் இருக்கிறது. ஏசி வாங்கிவிடலாம் என்கிறார் இவர். வாங்கலாம். அதற்கு முன்னால் இந்த வீட்டில் எந்த மூலை எத்தனை மணிக்குக் கொதிக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பால் சங்கத்தில் பத்தொன்பது வருடமாக டிகிரி எழுதிப் பழகிய கை இது.

ஏப்ரல் 1, செவ்வாய்

சங்கத்திலிருந்து மூன்று கண்ணாடித் தெர்மாமீட்டர்களை இரவல் வாங்கிவந்தேன். கொரோனா காலத்தில் பால் ஊற்ற வருகிறவர்கள் நெற்றியில் பிடித்த துப்பாக்கியும் அலமாரியில் கிடந்தது. அதில் உடம்பு, பொருள் என்று இரண்டு நிலை உண்டு. பொருளில் வைத்தால் சுவரையும் கூரையையும் தொடாமலே சூட்டைச் சொல்லும்.

முதலில் மூன்றையும் உருகும் ஐஸ் தண்ணீரில் நிறுத்தினேன். இரண்டு பூஜ்யத்தில் நின்றன. மூன்றாவது ஒன்றைக் காட்டியது. அதில் எழுதுவதில் எல்லாம் ஒன்று கழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் அறைக்கு அறை டிகிரி பேசுவது வெட்டி வேலை.

அத்தை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குக் காய்ச்சலா கண்ணு?" என்றார்.

ஏப்ரல் 3, வியாழன்

இரண்டு நாள் கணக்கு. பகலில் நான் சங்கத்தில் இருப்பதால் மதியக் கணக்கை மகன் எழுதினான்.

மதியம் 2 மணி: மாடி அறை 35, கூடம் 32.5, ஓட்டறை 36.5.
இரவு 9.30: மாடி 36, கூடம் 33, ஓட்டறை 30.
விடியற்காலை 5: மாடி 32.5, கூடம் 31, ஓட்டறை 26.

மதிய வரியைப் பார்த்ததும் மகன் எழுதியதில் பிழை என்றுதான் நினைத்தேன். வீட்டிலேயே குளிர்ச்சி என்று நான் நம்பியிருந்த ஓட்டறை, மதியம் மாடியைவிடச் சூடாக இருக்கிறது. மறுநாளும் அதே கணக்கு. ஓடு மெல்லிசு. வெயில் ஏறினால் உடனே ஏறும், இறங்கினால் உடனே இறங்கும். ஓட்டுக்கு ஓடு சந்து இருப்பதால் உள்ளே சேர்ந்த அனலும் மேலே போய்விடும். தார்சு, அதாவது கான்கிரீட் கூரை, அப்படியல்ல. ஐந்து அங்குலக் கான்கிரீட் பகல் முழுக்கக் குடித்ததை மணிக்கணக்காக உள்ளே கடத்தி, நாம் பாய் விரிக்கிற நேரத்தில் கீழே விடுகிறது.

மதியம் அத்தை எங்கே இருப்பார் என்று மகனிடம் கேட்டேன். "கூடத்தில் வெறும் தரையில் படுத்திருப்பார். நாலு மணிக்கு மேல் வேப்பமரத்தடி" என்றான். மருமகளாகி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இதை நான் கவனித்ததில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

துப்பாக்கியோடு மொட்டை மாடிக்குப் போனேன், மாலை மூன்றரைக்கு. கருத்துப்போன சிமென்ட் தரை. துப்பாக்கியின் எல்லை 60 டிகிரி. பொத்தானை அழுத்தினால் எண் வரவில்லை, இரண்டு ஆங்கில எழுத்துகளைக் காட்டிக் கைவிரித்துவிட்டது. செருப்பில்லாமல் போன என் காலுக்கு எண் தேவைப்படவும் இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு மாடி அறையின் உட்கூரையைக் குறிபார்த்தேன். 41. தெர்மாமீட்டரில் காற்று 36. இந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. உடம்பு காற்றின் சூட்டை மட்டும் உணர்வதில்லை, சுற்றியுள்ள சுவர், கூரையின் சூட்டையும் வாங்குகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தோசைக்கல்லைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு அதற்கடியில் பையன் உயிரியல் படிக்கிறான். மின்விசிறி காற்றைக் குளிர்விக்காது, வியர்வையைத்தான் உலர்த்தும். கூரைக்கடியில் தேங்கிய அனலை வேறு கீழே தள்ளும்.

மேற்குச் சுவர் 39. உள்பக்கம் தடித்த திரை போட்டிருக்கிறேனே என்று திரையைக் குறிபார்த்தால் அதுவும் 38. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை எதைத் தடுக்கும்? ஆயிரத்து எண்ணூறு ரூபாய்த் திரை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஏசிக் கடைக்காரர் வந்து பார்த்தார். இந்த அறைக்கு ஒன்றரை டன் வேண்டும், மேல்தளம் அல்லவா என்றார். அது சரிதான். ஒரு டன் என்றால் ஏறக்குறைய மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியே இழுக்கும் திறன். இந்தக் கூரைக்கு அது போதாமல் போகலாம். "பதினாறில் வையுங்கள், சட்டென்று குளிர்ந்துவிடும்" என்றதுதான் எனக்கு ஒப்பவில்லை. சங்கத்தில் பாலைக் குளிர்விக்கும் பல்க் கூலரோடு பழகியவளிடம் இதைச் சொல்லலாமா? அறை சூடாக இருக்கும்போது 24 என்றாலும் 16 என்றாலும் மெஷின் முழு மூச்சில்தான் ஓடும். 16 என்றால் நிற்க மறந்துவிடும், அவ்வளவுதான். மின்சிக்கனத்துக்கு நட்சத்திரக் குறியிட்ட ஏசியெல்லாம் போட்டதும் 24-இல் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து விதியே இருக்கிறது.

வெளி யூனிட்டை எங்கே வைப்பது என்று கேட்டேன். சுற்றிப் பார்த்துவிட்டு ஓட்டறை ஜன்னலுக்கு எதிரே கையைக் காட்டினார். எங்கள் பல்க் கூலருக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நின்றால் தெரியும், பாலிலிருந்து எடுத்த சூடெல்லாம் அங்கேதான் கொட்டும். பேரனின் சூட்டைப் பாட்டி ஜன்னலில் கொட்ட நான் சம்மதிக்கவில்லை. இவருக்கு என்மேல் கோபம்.

ஏப்ரல் 10, வியாழன்

சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு மூட்டை வாங்கி, முந்தின நாளே ஊறவைத்து, வடிகஞ்சியும் கல்லுப்பும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு அடித்தோம். தென்னைமட்டைத் துடைப்பத்தால் மகன் முதல் பூச்சு, இவர் இரண்டாவது. கோபம் இருந்தாலும் வேலைக்கு வந்துவிட்டார். என் முழங்கைவரை வெந்து தோல் உரிகிறது. கையுறை போட்டிருக்க வேண்டும்.

மேற்குச் சுவருக்கு வெளியே பனையோலைத் தட்டி. சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கட்டச் சொன்னேன், நடுவில் காற்று போகட்டும் என்று. எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பனைக்கும் ஓலைக்கும் பஞ்சமில்லை. கட்டிக் கொடுக்கிறவர்தான் அருகிவிட்டார். வண்ணாமடையிலிருந்து ஒருவர் வந்து ஒரே காலையில் முடித்துக் கொடுத்தார். "வீட்டுக்குச் சட்டை" என்றார்.

ஏப்ரல் 14, திங்கள்

எங்களுக்கு வருடப்பிறப்பு, அடுத்த வீட்டுச் சேச்சிக்கு விஷு. அவர் வீட்டு விஷுக்கணித் தட்டில் கொன்றைப்பூ, எங்கள் வீட்டில் வேப்பம்பூ. வெயிலுக்கு இரண்டும் ஒன்றுதான். மாடி உட்கூரை இரவு ஒன்பதுக்கு 36. போன வாரத்தைவிட ஐந்து குறைவு. அறைக் காற்று 33.5. குளிர்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் மகன் பத்து மணிவரை மேலேயே உட்கார்ந்து படித்தான்.

சேச்சி பகல் முழுக்க ஜன்னலைத் திறந்தே வைக்கிறார், காற்று வேண்டுமாம். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் கீழைக்காற்று வீசும்போது அது சரி. சித்திரைப் பகலில் வெளியே 39 இருக்க, ஜன்னலைத் திறந்தால் 39-தான் விருந்துக்கு வரும். காலை எட்டுக்கு மூடி, இரவு எட்டரைக்குத் திறக்க வேண்டும். கொசுவலை அடிக்காத ஜன்னல்கள் மூன்று பாக்கி. அதனால் சொன்னபடி திறக்க எனக்கே முடிவதில்லை.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. சூரியன் எங்கள் ஊருக்கு நேர் மேலே வருகிற நாள் இதையொட்டித்தான். நண்பகலில் முற்றத்தில் நட்ட கம்புக்கு நிழலே இல்லை. கம்பின் காலடியில் ஒரு கறுப்பு வட்டம், அவ்வளவே. சுவருக்கு வெயில் கொஞ்சம், கூரைக்குத்தான் எல்லாம். போன வருடம் ஏப்ரல் கடைசியில் பாலக்காடு 41 டிகிரியைத் தாண்டி, வானிலைத் துறை வெப்ப அலை என்றே அறிவித்தது. அந்த வாரம் இதே வீட்டில் எப்படி இருந்தோம் என்று யோசித்தால், கதவைச் சாத்திக்கொண்டு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்ததுதான் நினைவுக்கு வருகிறது.

மகன் இப்போது அத்தையின் வழிக்கு வந்துவிட்டான். விடியலில் மாடி, பத்து மணிக்குமேல் கூடம், இரவு ஓட்டறை. புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு நாளுக்கு மூன்று குடிபெயர்ச்சி. அத்தைக்கு அவன் கைபேசி வெளிச்சம் பிடிக்கவில்லை. அவனுக்கு அத்தையின் குறட்டை பிடிக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மாலை ஐந்தரைக்குக் கோடை மழை, முக்கால் மணி நேரம். ஓட்டறை 34-லிருந்து 27-க்கு இறங்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கூடத்தில் ஒரு டிகிரிதான் இறங்கியது. மண்ணின் ஈரம் உள்ளே ஏறி வியர்வை காயாமல் பிசுபிசுத்தது. இதற்கு என்னிடம் மருந்து இல்லை. ஏசிக்காரர் இந்த நேரத்தில் வந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அவரே இரவு போன் செய்தார். இடவப்பாதி மழை, அதான் தென்மேற்குப் பருவமழை, முடியட்டும், வெளி யூனிட்டுக்கு வடக்குச் சுவரில் இடம் பார்த்து வையுங்கள் என்றேன். ஓணத் தள்ளுபடி வரும், அதற்குள் முடிவு செய்யுங்கள் என்றார். பொள்ளாச்சியில் ஆடித் தள்ளுபடி அதற்கு முன்னாலேயே வந்துவிடும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு விலையில் எழுநூறு குறைத்தார்.