‘மற்றவை’ என்ற கட்டம்

2017-ஆம் ஆண்டுக் கோடையில், சனி ஞாயிறு தோறும் காலை ஏழு மணிக்கே சான் கேப்ரியல் ஆற்றின் கிழக்குக் கிளையோரம், சாலை வளைவு ஒன்றில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். கட்டைவிரலால் அழுத்தினால் ஓர் எண் கூடும் உலோக எண்ணி கையில் இருக்கும். மடியில் படிவ அட்டை. அரசுத் துறைகளுக்குக் கணக்கெடுப்பும் வரைபடமும் செய்து தரும் சிறு ஆலோசனை நிறுவனம் ஒன்றில் அப்போது வேலை பார்த்தேன். வரும் கார்களையும் இறங்கும் மனிதர்களையும் எண்ணுவதும், மாலையில் ஆற்றோரம் கிடக்கும் குப்பைப் பைகளை எண்ணுவதும், அவற்றையெல்லாம் வரைபடத்தில் ஏற்றுவதும் என் பொறுப்பு.

லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தின் வடக்கு விளிம்பில் சுவர்போல் நிற்பவை சான் கேப்ரியல் மலைகள். அம்மாவட்டத்தின் திறந்தவெளியில் சுமார் 70 சதவீதம் இம்மலைகளே. மாவட்டம் குடிக்கும் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும் இங்கிருந்துதான் இறங்குகிறது. அடிவாரத்து ஊர்களான அசூசா, எல் மான்ட்டே, லா புவென்டே ஆகியவற்றில் வாழ்வோரில் பெரும்பாலோர் லத்தீனோ மக்கள்: மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். வீட்டருகே பூங்கா இல்லாதவர்களுக்கும், கடற்கரை தொலைவாகிப் போனவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது இந்த ஆறுதான்.

எங்கள் படிவத்தில், வந்தவர் என்ன செய்கிறார் என்பதைக் குறிக்க ஆறு கட்டங்கள் இருந்தன: மலைநடை, மீன்பிடிப்பு, முகாம், மிதிவண்டி, பறவை நோக்கல், மற்றவை. முதல் ஞாயிறன்று எட்டு மணிக்குள் மூன்று கார்களில் ஒரே குடும்பம் வந்து இறங்கியது. தாத்தா, பாட்டி, மருமக்கள், கைக்குழந்தை என எல்லோரும் இருந்தார்கள். கரி அடுப்பும், முந்தைய இரவே மசாலாவில் ஊறிய இறைச்சியும், துணியில் பொதிந்த தோர்த்தியா ரொட்டிகளும், ஆற்று நீரில் குளிர்விக்கத் தர்ப்பூசணியும் இறங்கின; இரண்டு மரங்களுக்கு நடுவே விரிப்புத் துணி கட்டப்பட்டது. மாலை வரை அவர்கள் நகரவில்லை. அவர்களை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது? அன்றைய படிவத்தில் மற்றக் கட்டங்கள் அநேகமாகக் காலியாகக் கிடக்க, ‘மற்றவை’ மட்டும் ஓரம் வரை கோடுகளால் நிறைந்திருந்தது. அடுத்த வாரமும் அதுவே நடந்தது. அதற்கடுத்த வாரமும் அதுவே.

எங்கள் இடைக்கால அறிக்கை இதனை ‘ஒழுங்கமைக்கப்படாத பயன்பாடு’ என்று எழுதியது. ஆடிப்பெருக்கன்று கட்டுச்சோற்று மூட்டையோடு காவிரிப் படித்துறைக்குப் போய் வளர்ந்த எனக்கு அந்தக் காட்சியில் ஒழுங்கின்மை எதுவும் தெரியவில்லை. இருந்தும் அச்சொல்லை மாற்றும்படி நான் வாய் திறக்கவில்லை. சேர்ந்து எட்டு மாதமே ஆகியிருந்தது, பணி விசாவில் இருந்தேன் என்பதை அப்போது காரணமாக எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்று அதனைப் போதிய காரணமாகக் கருதவில்லை.

வனத்துறைக்கும் இயற்கை ஆர்வலர்களுக்கும் அந்த ஆற்றில் இருந்த உண்மையான கவலை ஒரு மீனைப் பற்றியது. சாண்டா ஆனா சக்கர் என்னும் அந்தக் கையளவு மீன் இயல்பாக வாழ்வது உலகிலேயே மூன்று ஆற்றுப் படுகைகளில் மட்டும்தான்: லாஸ் ஏஞ்சலஸ் ஆறு, சான் கேப்ரியல் ஆறு, சாண்டா ஆனா ஆறு. அதன் வாய் மூக்குக்கு அடியில், தடித்த உதடுகளோடு கீழ்நோக்கி அமைந்திருக்கும். கூழாங்கற்களில் படரும் பாசியைச் சுரண்டித் தின்றே அது உயிர் வாழ்கிறது. 2000-ஆம் ஆண்டில் அது அழியும் அபாயத்தை நெருங்கும் இனங்களின் கூட்டாட்சிப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குழந்தைகள் குளிப்பதற்காகக் குடும்பத்தினர் கற்களை அடுக்கி நீரைத் தேக்கும்போது ஓட்டம் நிற்கிறது, நீர் சூடேறுகிறது, மணல் படிந்து கூழாங்கற்கள் மூடிப்போகின்றன. மீன் மேலும் கீழும் போக முடியாமல் துண்டு துண்டான குட்டைகளில் சிக்கிக்கொள்கிறது.

இதற்காக ஆற்றோரம் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் பலகைகள் வைக்கும் பொறுப்பு எங்கள் நிறுவனத்திடம் வந்தது. ‘அணை கட்டாதீர்’ என்று ஸ்பானியத்தில் எழுத ‘பிரேசா’ என்ற சொல்லை இட்டோம். அகராதிப்படி அது சரியான சொல். ஆனால் ஒரு மாதம் கழித்தும் கல் தடுப்புகள் குறையவில்லை. ஸ்பானியம் பேசும் இளம் சக ஊழியர் ஒருவரோடு கரையில் நடந்து, பலகையைப் பார்த்தீர்களா என்று ஒரு தந்தையிடம் கேட்டோம். பார்த்ததாகவும், அதில் சொல்வது நியாயமே என்றும் அவர் சொன்னார். பிரேசா என்றால் அவருக்கு அது பள்ளத்தாக்கில் நிற்கும் சான் கேப்ரியல் அணை. ஆற்றில் அப்படி ஒன்றை யார் கட்டப் போகிறார்கள்? பிள்ளைகளுக்குத் தாம் செய்திருப்பது ‘பொசீத்தா’, ஒரு சிறு மடு, அவ்வளவுதான் என்றார். அந்தச் சொல்லைக் கரையில் எவரிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் எவரிடமும் கேட்கவில்லை.

கலிபோர்னியாவில் இது புதிய தவறு அன்று. கெட்டில்மன் சிட்டி என்னும் விவசாயத் தொழிலாளர் ஊரின் அருகே நச்சுக் கழிவு எரிப்பு உலை அமைக்க முயன்றபோது, அதன் சுற்றுச்சூழல் அறிக்கை ஆங்கிலத்தில் மட்டுமே வெளியிடப்பட்டது. ஸ்பானியம் மட்டுமே அறிந்த மக்கள் அதில் எப்படிப் பங்கேற்க முடியும் என்று ஊரார் வழக்குத் தொடுத்தார்கள். 1991-இல் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 1993-இல் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. அந்த வழக்கைப் பற்றி நான் படித்தது எங்கள் பலகைகள் தோற்ற பிறகே.

அந்தத் தோல்விக்குப் பின்னர்தான் ஒருவரைச் சந்தித்தேன். எல்லோரும் அவரை மரியாதையாக ‘டோன்யா’ என்று விளித்தார்கள். எல் மான்ட்டேயில் வசித்த அறுபது வயதைக் கடந்த அம்மையார். வார நாட்களில் தையற்கூடத்தில் வேலை. இந்த ஆற்றுக்கு முப்பது ஆண்டுகளாக வருபவர். ஞாயிறு மாலைகளில் நாலைந்து பெண்களோடு கரையோரம் நடந்து ஒவ்வொரு குடும்பத்திடமும் பேசுவார். பேச்சு மீனில் தொடங்குவதில்லை. எந்த ஊர், யார் பிள்ளை, இறைச்சியில் என்ன போட்டீர்கள் என்று தொடங்கும். பின்பு முழங்காலளவு நீரில் இறங்கி, ஓட்டமுள்ள இடத்திலிருந்து தட்டையான கல் ஒன்றை எடுத்து, அருகிலிருக்கும் குழந்தையின் உள்ளங்கையில் வைப்பார். கல்லின் மேற்புறம் பச்சையும் பழுப்புமாக வழுவழுப்பாக இருக்கும். “இது மீனுடைய தட்டு, மிஹோ. உன் தட்டில் யாராவது மணலைக் கொட்டினால் நீ சாப்பிடுவாயா?” என்பார். மாட்டேன் என்று குழந்தை தலையாட்டும். பெரியவர்கள் சிரிப்பார்கள். கல்லை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, புறப்படும் முன் தடுப்பை எப்படிக் கலைப்பது என்று காட்டுவார். வனத்துறை உயிரியலாளர் ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்ட முறை அது. அந்த மாலைகளில் தடுப்புகளைக் கலைத்தவை பெரும்பாலும் குழந்தைகளின் கைகளே.

அவரை ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டுமென்று அலுவலகத்தில் சொன்னேன். அழைப்பும் போனது, செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நகர மையத்தில் நடக்கும் கூட்டத்துக்கு. நாள் கூலியை விட்டுவிட்டு அவர் எப்படி வருவார்? அடுத்த கூட்டம் எல் மான்ட்டேயில் ஒரு தேவாலயக் கூடத்தில், மாலை ஆறரைக்கு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து நடந்தது. அன்று இடமில்லாமல் சிலர் வாசலில் நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் டோன்யா என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி. குப்பைப் பைகளை எண்ணினீர்களே, குப்பைத் தொட்டிகளை எண்ணினீர்களா? எண்ணவில்லை. நண்பகலுக்குள் தொட்டிகள் நிரம்பிவிடுகின்றன, திங்கட்கிழமைதான் வண்டி வருகிறது, நாங்கள் பைகளைக் கட்டித் தொட்டியின் அருகிலேயே வைக்கிறோம், இரவில் கரடியும் ரக்கூனும் கிழிக்கின்றன என்றார். ஒரு கோடை முழுவதும் அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. பிறகு மற்றவர்களும் பேசினார்கள். மேசைகள் ஆறு பேருக்கானவை, நாங்கள் இருபது பேர் வருகிறோம்; கழிவறைகள் போதவில்லை; அசூசா வரை 2016-இலேயே ரயில் வந்துவிட்டது, அங்கிருந்து ஆற்றுக்கு ஏறப் பேருந்து இல்லை.

இவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது என்பதை நான் மறைக்கக் கூடாது. ரிவர்சைடில் அமெரிக்க வனத்துறையின் சமூக ஆய்வாளராக இருந்த டெபோரா சாவேஸ், தென் கலிபோர்னிய வனங்களுக்கு லத்தீனோ குடும்பங்கள் பெருங்குழுக்களாக வந்து நாள் முழுதும் தங்குவதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து, மக்களை அழையுங்கள், சேர்த்துக்கொள்ளுங்கள், ஈடுபடுத்துங்கள் என்று வலியுறுத்தியிருந்தார். எங்கள் படிவத்தை வடிவமைத்தவர்கள் அதனைப் படித்திருந்தால் ‘மற்றவை’ அவ்வளவு நிறைந்திருக்காது.

தலைமை என்றதும் மேடையை நினைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. மேடையிலும் இச்சமூகத்தார் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். மெக்சிகோவிலிருந்து வந்த தந்தைக்கும் நிக்கராகுவாவிலிருந்து வந்த தாய்க்கும் பிறந்து லா புவென்டேயில் வளர்ந்த ஹில்டா சொலிஸ், மாநிலச் செனட்டராக இருந்தபோது 1999-இல் சுற்றுச்சூழல் நீதி என்பதைக் கலிபோர்னியச் சட்டத்தில் வரையறுத்தார். அதே ஆண்டில் இந்த ஆறுகளுக்கும் மலைகளுக்குமான பாதுகாப்பு அமைப்பு ஒன்றை உருவாக்கும் சட்டத்தையும் கொண்டுவந்தார். பின்னர் நாடாளுமன்றத்துக்குப் போய், சான் கேப்ரியல் ஆற்றுப் படுகையை ஆராய 2003-இல் வழிவகை செய்தார். உள்ளூர் அமைப்புகளின் பல்லாண்டு உழைப்பும் சேர்ந்து, 2014 அக்டோபர் 10 அன்று சுமார் 3,46,000 ஏக்கர் மலைப்பகுதி தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதத்தில் ஏறத்தாழ 1,06,000 ஏக்கர் அதனோடு சேர்ந்தது.

இன்னும் பின்னே போனால், 1970 ஏப்ரல் 22 அன்று, முதல் புவி நாள் கொண்டாடப்பட்ட அதே நாளில், சான் டியேகோவின் லோகன் பகுதி மக்கள் பாலத்தடியில் தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட பூங்கா நிலத்தில் காவல் நிலையம் எழுவதைக் கண்டு, இயந்திரங்களின் முன் கைகோத்து நின்றார்கள். பன்னிரண்டு நாட்கள் அந்த நிலத்தை விட்டு அவர்கள் அகலவில்லை. சிக்கானோ பூங்கா அப்படித்தான் உருவானது; சிக்கானோ என்பது மெக்சிக வழி அமெரிக்கர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். சுற்றுச்சூழல் வரலாற்றைச் சொல்பவர்கள் புவி நாளைச் சொல்லிவிட்டு இதனை விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஹோசே கொன்சாலெஸ் 2013-இல் தொடங்கிய லத்தீனோ அவுட்டோர்ஸ் அமைப்பு, மலைக்கும் ஆற்றுக்கும் குடும்பங்களை அழைத்துச் செல்வதோடு, அவர்களுடைய அனுபவங்களையும் தொகுக்கிறது. அத்தொகுப்பின் பெயர் ‘யோ குவென்தோ’. ஸ்பானியத்தில் ‘கொன்தார்’ என்ற வினைக்கு எண்ணுதல் என்றும் பொருள், கதை சொல்லுதல் என்றும் பொருள். ஆகவே அந்தப் பெயர் ‘நான் சொல்கிறேன்’ என்றும் ‘நானும் கணக்கில் உண்டு’ என்றும் ஒருங்கே பொருள் தரும். சக ஊழியர் இதனை விளக்கியபோது, தமிழிலும் எண்ணுதல் கணக்கிடுவதோடு நிற்பதில்லை, நினைப்பதும் எண்ணுவதுதான் என்று அவரிடம் சொன்னேன். அந்த உலோகப் பொறியை அழுத்திக்கொண்டிருந்த மாதங்களில் நான் முதற்பொருளில் மட்டுமே எண்ணியிருந்தேன்.

2018-இல் புதிய படிவம் தயாரித்தோம். ‘குடும்பக் கூடல்’ என்பது முதல் கட்டமாக வந்தது. தொட்டிகளுக்கும் கழிவறைகளுக்கும் தனிப்பக்கம் ஒதுக்கினோம். பலகைகளில் பிரேசா போய்ப் பொசீத்தா வந்தது. ஒரு ஞாயிறன்று வரைவுப் படிவத்தை டோன்யாவிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். தலைப்பில் நாங்கள் ‘விசித்தாந்தேஸ்’, அதாவது பார்வையாளர்கள், என்று அச்சிட்டிருந்தோம். “மிஹா, பேனா இருக்கிறதா?” என்று கேட்டு வாங்கி, அச்சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ‘வெசினோஸ்’ என்று எழுதினார். பக்கத்து வீட்டார் என்று பொருள். அடுத்த அச்சில் அந்தச் சொல்லையே போட்டோம்.