ஆறாவது வினாடி

புதிதாக வரும் ஆசிரியர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பட்டியல் உண்டு. முதல் வாரத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் மனப்பாடம் செய்துவிடுங்கள். சத்தம் கூடினால் உங்கள் குரலைக் குறையுங்கள். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், புரியாத பிள்ளையும் சேர்ந்துதான் "புரிஞ்சுது டீச்ச்சர்" என்று இழுக்கும். கேள்வி கேட்டால் பொறுங்கள்.

கடைசி ஒன்றுக்கு மட்டும் மேரி பட் ரோவைத் துணைக்கு அழைப்பேன். 1970களில் அமெரிக்கத் தொடக்கப்பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு வினாடிதான் பொறுத்தார்கள். 3 வினாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, 'தெரியல' குறைந்தது.

அன்று காலையும் இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அந்தப் புது டீச்சரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பலகையில் 42 − 17. வந்த பையன் 35 என்று எழுதினான். எங்களுக்குப் பழக்கமான தப்புதான். இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்துவிடுவார்கள். பெரியதிலிருந்து சின்னதை எடு என்று நாமே எப்போதோ சொல்லிக்கொடுத்ததை அவர்கள் விடுவதில்லை.

"எப்படி வந்துச்சு?" என்றார் டீச்சர். பையன் பேசவில்லை. அவரும் பேசவில்லை. மூன்று, நான்கு, ஐந்து. சுற்றிலும் கைகள் தூக்கியாயிற்று, "மிஸ் நான், மிஸ் நான்" கிளம்பிவிட்டது. ஆறாவது வினாடியில் பின்னாலிருந்து ஒரு குரல்: "பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும்ல, கண்ணு?" என் குரல்தான். அவன் அழித்துவிட்டு 25 என்று எழுதினான். வகுப்பு கைதட்டியது.

வெளியே வந்ததும் டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "அவன் வாயைத் திறந்தான் சார்."

நான் பார்க்கவில்லை. பின்னால் இருந்தவனுக்கு அவன் முதுகுதானே தெரியும். "அவ்வளவு பேர் முன்னாடி நிக்கவெச்சா பிள்ளை கூசிப்போவான்மா" என்றேன். பொய்யில்லை. ஏழு வயசுப் பிள்ளைக்குப் பலகை முன் ஆறு வினாடி நீளம்தான். ரோவின் 3 வினாடியில் பக்கத்துப் பிள்ளைகளின் சிரிப்பு எவ்வளவு என்று கணக்கு இல்லையே.

ஆனால் கூசியது அவனா, நானா? மௌனமாக இருக்கும் வகுப்பு, பாடம் நின்றுபோன வகுப்பு மாதிரி எனக்கு இன்னும் படுகிறது. இத்தனை வருஷமாகியும் அது போகவில்லை. அந்த டீச்சருக்கு அந்தப் பயம் இருந்ததாகத் தெரியவில்லை. அது துணிச்சலா, அனுபவம் போதாமையா என்று அன்று எனக்குள் ஒரு கேள்வி வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் பொறுத்திருந்தாலும் அவன் "தெரியல" என்றே சொல்லியிருக்கலாம். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் அவன் நோட்டை வாங்கிப் பார்த்தேன். 61 − 38 = 37. அதே தப்பு. சரி, இப்போதாவது கேட்போம் என்று பக்கத்தில் குனிந்து, முடிந்தமட்டும் மெதுவாக, "இது எப்படிப்பா வந்துச்சு?" என்றேன். பொறுக்கத் தயாராகத்தான் இருந்தேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். உடனே ரப்பரை எடுத்தான்.